தென்னை சாய்ந்த பிறகு பிடிப்பு எங்கிருந்து வரும்?

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்பார்கள். வெயில் படாமல் மட்டை நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வண்டு தின்னாமல் குருத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பதால் அந்தப் பெயர் பொருந்தும். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. அப்பன் வைத்து மகன் காய் பறித்துக்கொண்டிருந்த தோப்புகள் அந்த ஒரே இரவில் படுத்துவிட்டன.

அதற்குப் பிறகு அந்த ஊர்களில் அதிகம் கேட்ட சொல் 'பிடிப்பு'. "எதுலயும் ஒரு பிடிப்பே இல்ல", "மனசு விட்டுப்போச்சு". மனச்சோர்வு, நம்பிக்கையின்மை என்றெல்லாம் புத்தகம் சொல்வதை ஊர் இப்படித்தான் சொல்கிறது. புத்தகச் சொல்லைவிட இது துல்லியம் என்பேன். பிடிப்பு என்றால் கையால் பற்றுவது. அது திரும்புவதும் கை வழியாகத்தான்.

பாதிக்கப்பட்டவர்களின் உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி, முகாமில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மனநல மருத்துவர் செய்வதைப் பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும். பெரும்பகுதி நீங்கள் செய்யக்கூடியது.

முதலில் செய்யக்கூடாத ஒன்று. "கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். ஒட்டு ரகத்துக்கும் நாலு வருடம் வேண்டும். 58 வயதுக்காரரிடம் எல்லாம் சரியாகும் என்றால், அவர் மனதுக்குள் உடனே கணக்குப் போடுவார்: அப்போது எனக்கு 65. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் 77,000 ரூபாய். இன்னும் பல வருடம் காய்த்திருக்கக்கூடிய மரங்களுக்கு ஒரே தடவையில் கொடுத்து முடித்த தொகை இது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கைத் தெரிந்தவரிடம் வெறும் ஆறுதல் சொன்னால், 'இவருக்கு நம்ம நிலைமை புரியல' என்ற எண்ணம்தான் மிஞ்சும். அடுத்த முறை அவர் உங்களிடம் மனம் திறக்கமாட்டார்.

முதல் பத்து நாள்

இந்த நாட்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே சொல்: பார், கேள், சேர்த்துவிடு. யாருக்கு அவசரம் என்று பார்ப்பது, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது, அது கிடைக்கும் இடத்தில் அவரைச் சேர்ப்பது. "அண்ணே, சாப்டீங்களா? வீட்ல எல்லாரும் எங்க இருக்காங்க? இப்ப ஒடனே என்ன வேணும்?" இந்த மூன்று கேள்வியே போதும்.

நடந்ததைச் சொல்லச் சொல்லித் துருவக்கூடாது. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, அந்த இரவை ஒவ்வொருவராக விவரிக்கவைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. ஒரே அமர்வில் இப்படிக் கிளறுவது பின்னாளில் வரும் நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். சிலருக்கு நிலைமை மோசமும் ஆனது. தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் மட்டையை இழுத்துப்போட உதவுங்கள்.

தகவலும் மருந்துதான். 2004 டிசம்பர் 26 சுனாமி நடந்து நாலாவது நாள், 30ஆம் தேதி, மறுபடி அலை வரலாம் என்ற எச்சரிக்கை பரவி, கடற்கரை மக்கள் மீண்டும் ஓடினார்கள். அலை வரவில்லை. ஆனால் அன்று ஓடிய ஓட்டம் பலருடைய பயத்தை இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. ஆகவே முகாமில் ஒரு கரும்பலகை வையுங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் வானிலை, நிவாரணப் பட்டியல், கரண்ட் எப்போது வரும் ஆகியவற்றை ஒரே ஆள் எழுதட்டும். தெரியாததைத் 'தெரியாது' என்றே எழுதட்டும். வாட்ஸப்பில் வருவதை யாரும் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

தூக்கத்துக்கு வருகிறேன். கஜாவில் மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் விழுந்தன, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. இருட்டு, கொசு, கதவில்லாத வீடு, பாம்பு பயம், இத்தனைக்கும் நடுவே தூங்காதவருக்கு மனநோய் என்று சொல்ல முடியாது. சோலார் விளக்கு, கொசுவலை, பெண்கள் பக்கம் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை: இவை முதலில். தூக்க மாத்திரையை இப்போது தொடங்க வேண்டாம். டயஸிபாம் போன்றவற்றை இழப்புத் துயரத்துக்காகவோ புதிதாக ஏற்பட்ட அதிர்ச்சிக்காகவோ கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பழகிவிட்டால் விடுவது கடினம்.

ஆனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கதை வேறு. வலிப்பு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு உள்ளவர்களின் மாத்திரைப் பட்டை தண்ணீரோடு போயிருக்கும். கூச்சத்தால் கேட்கமாட்டார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம், அது உயிருக்கு ஆபத்து. முகாமில் முதல் நாளே சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று கேட்கும்போது, அதே மூச்சில் "வலிப்பு மாத்திரை, நரம்பு மாத்திரை யாராச்சும் சாப்புடுறீங்களா?" என்றும் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் பிரிவு இருக்கும். பெயர் எழுதி அனுப்பினால் மாத்திரை வரும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கடை மூடியதால் தினமும் குடிப்பவர்களுக்குச் சாராயம் நின்றுபோகும். முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிக் குழம்பிப்போய், இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வார். ஊர் அதைப் 'புயல்ல பயந்துட்டான்' என்று சொல்லி விபூதி பூசும். பூசட்டும், ஆனால் ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்கள். 108. இது மருத்துவமனையில் பார்க்க வேண்டியது.

ஒரு மாதம் கழித்து

முதல் வாரங்களில் காற்றுச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பது, திடீரென அழுவது, பசியில்லாமை, எரிச்சல், கனவு, உடம்பெல்லாம் வலி ஆகியவை எல்லாம் உடம்பு தன் வேலையைச் செய்வதன் அடையாளம். பெரும்பாலோருக்கு வாரங்களில் தானே இறங்கும். இறங்காதவர்களும் உண்டு. சாதாரண காலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இருக்கும் லேசான, நடுத்தர மனநலக் கோளாறு பேரிடருக்குப் பிறகு 15 முதல் 20 பேர்வரை உயரலாம். கடுமையானவை 2–3 பேரிலிருந்து 3–4 பேராகலாம் என்பது சுனாமிக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. அதாவது நூறு பேர் உள்ள தெருவில் ஏறத்தாழ எண்பது பேருக்கு மருத்துவர் தேவைப்படாது. எல்லோருக்கும் மனநோய் என்று பேசுவதும் தப்பு, ஒருவருக்கும் இல்லை என்பதும் தப்பு.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, வேலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை, சம்பவம் கண்முன் ஓடுகிறது, அந்த இடத்துப் பக்கமே போகமுடியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். நம் ஊரில் இவை வேறு வேடத்தில் வரும்: தலை பாரம், நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல், 'சூடு'. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தவர் மூன்றாவது டாக்டரைத் தேடுகிறார் என்றால், மெதுவாக மனதைப் பற்றிக் கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன்பும், அனுப்பிய பிறகும், தெருவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தப் பதிவின் மையம் அதுதான்.

கையில் முடியும் வேலை

'மனசு சரியானதும் வேலைய ஆரம்பிப்பேன்' என்று காத்திருப்பவருக்கு மனசு சரியாவதில்லை. வேலை நின்றதால் மகிழ்ச்சியும், ஆட்களும், நாளின் ஒழுங்கும் நின்றுவிடுகின்றன. அவை நின்றதால் மனம் இன்னும் தாழ்கிறது. இந்தச் சுழலை வேலைப் பக்கமிருந்து உடைப்பதற்கு உளவியலில் செயலூக்கச் சிகிச்சை என்று பெயர் சொல்லலாம். மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட முறைகளில் இது ஒன்று. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களும் நடத்தமுடியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் நாள் இரவு, மறுநாளைக்கு மூன்று வேலை எழுதவேண்டும்: உடம்புக்கோ வீட்டுக்கோ ஒன்று, பிழைப்புக்கு ஒன்று, ஆட்களோடு சேர்ந்து ஒன்று. எதுவும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. நேரமும் எழுதவேண்டும். 'தோப்பைச் சுத்தம் பண்ணணும்' என்பது வேலை ஆகாது. 'காலை ஏழு மணிக்கு, கிணத்தடி மரம் ஒண்ணுக்கு மட்டும் மட்டை கழிக்கணும்' என்பதுதான் வேலை. முடித்ததும் டிக் அடித்து, மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மார்க் போடவேண்டும். செய்வதற்கு முன் 2, செய்த பின் 3 என்று இருக்கும். அந்த ஒரு மார்க்கைத்தான் அவருக்குக் காட்டவேண்டும்.

இது கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவையே. வேலை பெரிதாக இருக்கும், முடியாது, 'பாத்தியா, இதுக்கும் நான் லாயக்கில்ல' என்று போகும். இரண்டு நாள் தொடர்ந்து முடியவில்லை என்றால் வேலையைப் பாதியாக்குங்கள், அதுவும் முடியவில்லை என்றால் கால்வாசி. மருமகன் எழுதிக்கொடுத்த வேலை ஓடாது, செய்யப்போகிறவர் தன் கையெழுத்தில் தானே எழுதவேண்டும், எழுதத் தெரியாதவர் சொல்ல நீங்கள் எழுதலாம். மூன்றாவது, ஆட்களோடு சேர்ந்த வேலையை விட்டுவிடுவது. அதைத்தான் முதலில் கைவிடுவார்கள், அதுதான் அதிகம் உதவுவது. டீக்கடை வரை நடந்துபோய் பெரியப்பாவைப் பார்த்துவருவதும் கணக்கில் சேரும்.

முகாமிலும் இதே விதி. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றையும் சமைத்துப் பரிமாறிவிட்டால், அந்த ஊர்ப் பெண்கள் வரிசையில் நிற்பவர்களாக ஆகிவிடுவார்கள். அரிசியும் அண்டாவும் கொடுத்து அடுப்பை அவர்களிடம் விடுங்கள்.

இதை மாதங்களுக்கு நீட்டும்போது, டெல்டா விவசாயிக்கு ஒரு வசதி இருக்கிறது. அவருக்குப் பயிர்களின் வயது தெரியும். ஏழு வருடம் என்ற ஒரே தூரத்தைப் பார்த்து மலைப்பவருக்கு இடையில் படிகள் போடலாம். கீரை 25 நாள். உளுந்து 65–70 நாள். நிலக்கடலை 105 நாள். வாழை ஏறத்தாழ ஒரு வருடம். ஒட்டுத் தென்னை நாலு வருடம். நெட்டை ஆறேழு வருடம். ஒரு சென்ட் இடத்தில் பத்து கிராம் கீரை விதை, அவ்வளவுதான் முதல் படி. 25ஆம் நாள் தன் கையால் பறித்த கீரையை வீட்டில் கடைந்து சாப்பிடும்போது அவருக்குக் கிடைப்பது சாட்சி. இந்த மண் இன்னும் கொடுக்கிறது என்பதற்கு இலையில் இருக்கும் சாட்சி. நன்னம்பிக்கை என்பதை நான் இந்த அளவில்தான் மதிக்கிறேன்: தேதி போட்டது, கையால் தொடக்கூடியது.

படியை மண் பார்த்துப் போடவேண்டும். வேதாரண்யம் பக்கம் கடல்நீர் ஏறிய நிலத்தில் உடனே கீரை விதைத்தால் முளைத்தது கருகும். அந்தத் தோல்வி புயலைவிடக் கனமாக விழும். அங்கே முதல் படி வேறு: மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பது, வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி உப்பை வடித்துவிடுவது, பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுவது. சுனாமிக்குப் பிறகும் நாகை வயல்களை இப்படித்தான் மீட்டார்கள். அதுவும் 45 நாளில் முடிகிற வேலைதான்.

விழுந்த மரங்களை அகற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், புதுக் கன்றின் குருத்தைத் தின்னும் என்பது விவசாயக் காரணம். தினமும் கதவைத் திறந்ததும் அந்தப் பிணக்காட்டைப் பார்ப்பது மனதுக்குக் காரணம். எல்லாவற்றையும் அகற்ற முடியாவிட்டால், வாசலிலிருந்து தெரியும் பத்து மரத்தை முதலில். அந்த இடத்தில் 25 அடி இடைவெளியில், மூணடிக்கு மூணடி மூணடி ஆழக் குழி, தொழுவுரமும் செம்மண்ணும் மணலும் சம அளவு கலந்து இரண்டடிவரை நிரப்பி, கன்று வைக்கலாம். டிசம்பர்–ஜனவரி நடவுக்கு ஏற்ற பருவம்தான். குழி வெட்டுவதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். பேரனுக்கு ஒரு கன்று என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

கடலுக்குத் திரும்புவது

கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை போன்ற நாகை மீனவ ஊர்களில் சுனாமிக்குப் பிறகு நிலத்தைவிடப் பெரிய கேள்வி, கடலைப் பார்க்க முடியுமா என்பது. பயத்தைத் தைரியச் சொல் போக்காது, பழக்கம் போக்கும். படிகள்: கடல் சத்தம் கேட்கும் தெருவில் நிற்பது, மணலில் உட்காருவது, ஈரமணல்வரை போவது, கணுக்கால் நனைவது, கரையோரம் நிற்கும் படகில் ஏறுவது, கடலுக்குள் போவது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் கேளுங்கள். 8 என்று தொடங்கினால், அது பாதியாகும்வரை அங்கேயே இருக்கவேண்டும். அரைமணியோ முக்கால் மணியோ ஆகலாம். உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடினால், 'ஓடினதாலதான் பொழச்சேன்' என்று உடம்பு படித்துக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் கஷ்டம். மிரண்டவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பயம் தெளியவைக்கிறேன் என்பது கொடுமை.

பிள்ளைகள் அலை விளையாட்டு, புயல் விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், அவர்கள் அப்படித்தான் ஜீரணிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் செத்துப்போகிற மாதிரியே முடிந்து, பிள்ளை இறுகிக்கொண்டே போனால் மட்டும் உள்ளே நுழைந்து, "இப்ப யாரு காப்பாத்த வர்றாங்க?" என்று கேட்கலாம். படுக்கையை நனைப்பது, அம்மாவை விடாமல் ஒட்டுவது சில வாரம் இருக்கும். அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது. பள்ளியைச் சீக்கிரம் திறப்பது எந்த ஆலோசனையையும்விட அதிகம் செய்யும். செத்தவர்களைப் 'ஊருக்குப் போயிருக்காங்க' என்று சொல்லாதீர்கள். பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும்.

லாரிகள் போன பிறகு

முதல் மாதத்தில் ஊரே ஒன்றாக இருக்கும், யாரும் சாதி பார்க்காமல் ஒரே அண்டாவில் சாப்பிடுவார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நிவாரண லாரிகள் நின்றுபோகும். 'அவனுக்கு வந்துச்சு, எனக்கு வரல' என்ற பட்டியல் சண்டை தொடங்கும். குழுக்கடன் வசூலுக்கு ஆள் வருவார். கவனம் அதிகம் தேவைப்படும் காலம் இதுதான், தொண்டர்கள் இல்லாத காலமும் இதுதான். உங்களிடம் பத்து நாள் விடுப்பு இருந்தால், ஐந்து நாளை ஐந்தாவது மாதத்துக்கு வைத்திருங்கள்.

கடனைத் தாளில் இறக்குங்கள். யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி. தலைக்குள் சுற்றும்போது அது எல்லையில்லாதது, தாளில் அது ஏழு வரி. எந்த வரிக்கு அவகாசம் கேட்கலாம் என்று பார்த்து, வங்கிக்குக் கூடவே போங்கள்.

'நான் இருந்து என்ன பண்ணப்போறேன்' என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்ங்கிற நெனப்பு வருதா மாமா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டதால் இறக்கிவைத்தவர்கள் உண்டு. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பூச்சிமருந்து வீட்டில் இருக்கக்கூடாது. காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் மருந்தைப் பொது இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கட்டடம் இருந்தால் பேசிப் பாருங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்க அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மீண்டும் ஐப்பசி, கார்த்திகை

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற சொல்லே போதும், ஆறிய புண் மறுபடி வலிக்கும். நினைவு நாளிலும் அப்படித்தான். இது பின்னடைவு என்று யாரும் பயப்பட வேண்டாம், சில நாளில் இறங்கும். டிவியை நாள் முழுக்க ஓடவிடாமல், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை செய்தி கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள்.

பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அது குறையும். புரட்டாசியிலேயே அதே நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள்: ரேஷன் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில், மாத்திரை இரண்டு வாரத்துக்கு, டார்ச், பேட்டரி, தீப்பெட்டி, கூரையோரம் சாயும் மரத்தின் காய்ந்த மட்டைகளைக் கழிப்பது, மாட்டை அவிழ்த்துவிடும் பொறுப்பு யாருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, தனியாக இருக்கும் ஆயாவை யார் கூட்டிவருவது. காற்று நின்று விடிந்ததும், யார் வீட்டுக்கு யார் முதலில் போய்ப் பார்ப்பது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.